மிளகாய் நிறம்

கண்ணாடிக் குழாயைச் சன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "எங்க, சொல்லுங்க பாப்போம். இது என்ன நெறம்?" என்று கேட்பார். கேட்பது நோயாளியிடம். குழாயில் இருப்பது அந்த நோயாளியின் சிறுநீர்.

அவரை நினைத்தால் எனக்கு முதலில் அந்தக் குரல்தான் கேட்கிறது. சின்னமனூருக்கு வெளியே, கம்பம் போகும் சாலையில், ஊர்ப் பெரிய மனிதர்கள் சிலர் கமிட்டி வைத்து நடத்திய தர்ம ஆஸ்பத்திரி அது. யுத்த காலம். மதுரையிலிருந்து வந்த நான்தான் அங்கே ஒரே டாக்டர். வயதும் அனுபவமும் குறைவு. அவர் என்னைவிட மிகவும் மூத்தவர். ரத்தம், சளி, சிறுநீர் எல்லாம் சோதித்துச் சொல்வது அவர் வேலை. சம்பளப் பட்டியலில் அவர் அட்டெண்டர். தன்னை அவர் சொல்லிக்கொண்டது லேப் டெக்னீஷியன். ஊர் அவருக்கு வைத்த பெயர் குழாய்க்காரர். சொந்தப் பெயரை நான் எழுதப்போவதில்லை. அவருடைய பேரப்பிள்ளைகள் இன்னும் அந்தப் பக்கத்தில் இருக்கிறார்கள்.

அடக்கமான மனிதர் என்று அவரைச் சொல்ல முடியாது. நல்ல உயரம், எண்ணெய் மின்னும் தலை, முறுக்கிய மீசை. வெள்ளை தவிர வேறு உடுத்த மாட்டார். "ஆஸ்பத்திரிக்காரன் பஞ்சு மாதிரி இருக்கணும்" என்பார். வேதக்கார, அதாவது கிறிஸ்தவக் குடும்பம். மூன்றாவது பாரத்தோடு படிப்பை நிறுத்திவிட்டு மலைமேல் ஒரு தோட்டத்துக்குப் போனவர், அங்கிருந்த டாக்டரிடம் மைக்ராஸ்கோப் பார்க்கக் கற்றுக்கொண்டார். மலைக்காய்ச்சல் பூச்சியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பங்காளியைப் பற்றிப் பேசுவதுபோல இருக்கும். "டாக்டரையா, நீங்க கையப் பிடிச்சுப் பாத்து யோசிக்கிறீக. நா ரத்தத்தையே நேரா விசாரிச்சுர்றேன்" என்று கம்பவுண்டர் முன்னால் என்னைச் சீண்டுவார். நான் சிரிப்பேன். கொஞ்சம் எரிச்சலும் வரும்.

சிறுநீரில் சர்க்கரை பார்ப்பது அந்தக் காலத்தில் நிறத்தை வைத்துத்தான். நீல மருந்தில் சில சொட்டு விட்டுக் கொதிக்கவைப்பார்கள். சர்க்கரை இல்லையென்றால் நீலம் நீலமாகவே இருக்கும். கொஞ்சம் இருந்தால் பச்சை, அதற்கு மேல் மஞ்சள், மிகவும் அதிகமென்றால் செங்கல் சிவப்பு. அந்த நிறத்தைப் பார்த்துத்தான் இன்சுலின் அளவை நான் முடிவு செய்வேன். வசதியுள்ள நோயாளிகள் மதுரையிலிருந்து பஸ்ஸில் மருந்தைத் தருவித்துக்கொள்வார்கள். ஈர மணல் நிரப்பிய பானையில் அதைப் புதைத்து வைத்திருப்போம்.

குழாயை நோயாளியிடமே காட்டி நிறத்தைக் கேட்கும் அவருடைய வழக்கத்துக்கு அந்த வட்டாரத்தில் நல்ல பெயர். "நம்ம கண்ணுல காட்டித்தான் எழுதுவாரு. கள்ளக் கணக்கே கிடையாது" என்பார்கள். அவர்களும் உற்சாகமாக நிறம் சொல்வார்கள். ஒருவர் கிளிப்பச்சை என்பார், ஒருவர் எலுமிச்சம்பழம் என்பார். ஒரு சம்சாரி, "செவலக்காளை கணக்கா இருக்கு" என்றார். குழாய்க்காரர் தலையாட்டிவிட்டு உள்ளே போய் எழுதுவார். நானும் அதை நேர்மை என்றுதான் எடுத்துக்கொண்டேன். நோயாளிக்குத் தன் நோய் தெரிய வேண்டும் என்ற எண்ணம் போல, நல்லதுதான் என்று நினைத்தேன்.

அவருக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. ரிப்போர்ட்டின் அடியில் தன் கையெழுத்தைப் போட வேண்டும். சோதனை அவர் செய்தாலும் கையெழுத்து நான்தான் போட வேண்டும். அவரிடம் சான்றிதழ் கிடையாது. பழைய நாட்காட்டித் தாள்களின் பின்புறத்தில் இங்கிலீஷில் தன் பெயரை நீளமாக எழுதி, கீழே ஒரு சுழி சுழித்துப் பழகிக்கொண்டிருப்பார். எட்டிப் பார்த்தால் மறைக்க மாட்டார். "எப்படி இருக்கு? ஒங்க கையெழுத்து கோழி கிண்டுன மாதிரி இருக்கு, டாக்டரையா. இதப் பாருங்க" என்பார். அட்டெண்டர் என்பதால் கமிட்டிக்காரர்கள் வீட்டு விசேஷங்களுக்கு அவரைப் பந்தல் வேலைக்குக் கூப்பிடுவதும் உண்டு. போவார். போய்விட்டு வந்து அன்று முழுவதும் யாரிடமும் பேச மாட்டார்.

தேவாரத்துப் பக்கம் மிளகாய்த் தோட்டம் வைத்திருந்த ஓர் அம்மாள் கால்விரல் புண்ணோடு வந்து படுத்தாள். நீரிழிவு. வாய்த்துடுக்கு அதிகம். ஒரு காலை நான் அடுத்த கட்டிலில் ஒருவருக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தபோது குழாய்க்காரர் குழாயோடு வந்தார்.

"ஆத்தா, சொல்லுங்க பாப்போம். என்ன நெறம்?"

"ஏன், ஒங் கண்ணுல என்ன கொள்ளியா வச்சிருக்கு? நீயே பாத்துச் சொல்லு."

"நா சொன்னா கூடச் சொல்லிட்டேன், கொறையச் சொல்லிட்டேன்னு சண்டைக்கு வருவீக. நீங்களே சொல்லுங்க."

"மொளகாக் கலரு. போதுமா? போயி ஒரு கொழம்பு வச்சுக் குடி."

வார்டே சிரித்தது. நானும் தலையை நிமிர்த்தாமல் சிரித்தேன். அவர் உள்ளே போய், செங்கல் சிவப்பு என்று எழுதி ரிப்போர்ட்டைக் கொண்டுவந்தார். கையெழுத்துப் போட்டேன். குழாயைப் பார்க்கவில்லை. சிவப்புக்கு உரிய அளவில் ஊசி போட்டேன்.

மதியச் சாப்பாட்டுக்கு முன்பே அந்த அம்மாளுக்கு வியர்த்துக் கொட்டியது. கை நடுங்கியது, பேச்சு குழறியது, பிறகு நினைவு போய்விட்டது. சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிட்டது என்று புரிந்து நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினேன். கண் திறக்கும்வரை என் உயிர் என்னிடம் இல்லை.

"என்ன மருந்தய்யா குடுத்தீக? எமன் வீட்டு வாசல்ல ஒக்காந்து வெத்தல போட்டுட்டு வந்தேன்" என்றாள்.

"காலையில குழாய் என்ன நிறத்துல இருந்தது, அம்மா?"

"அதான் சொன்னேனே. மொளகாக் கலரு."

"சிவப்பா?"

அவள் என்னை ஒரு பட்டணத்துப் பையனைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "மொளகான்னா பச்சதான அப்பு. செவந்தா அது பழம், காஞ்சா வத்தல். படிச்ச ஊர்ல ஒங்களுக்கு இதெல்லாம் சொல்லித் தரலையா?"

நான் சோதனை அறைக்குப் போனேன். காலைக் குழாய் இன்னும் மரச் சட்டத்தில் நின்றிருந்தது. பச்சை. யார் பார்த்தாலும் பச்சை. அதை எடுத்து அவர் முன்னால் நீட்டி, "சொல்லுங்க பார்ப்போம்" என்றேன். அவருடைய வார்த்தையையே அவரிடம் திருப்பிக் கேட்டதில் எனக்கு அப்போது ஒரு திருப்தி இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

"வெயில் பட்டு மாறியிருக்கும்" என்றார் முதலில். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து முக்காலியில் உட்கார்ந்தார்.

"நீலம் தெரியும் டாக்டரையா. பச்சையும் செவப்பும் எனக்கு ஒண்ணுதான். பொறந்ததுலருந்து அப்படித்தான். போடிக்கு ரயில் போட்ட புதுசுல வேலைக்குப் போனேன். ஒரு தொர நூல்கண்டா அள்ளிப் போட்டு, பச்சையெல்லாம் ஒதுக்குன்னான். ஒதுக்குனேன். பாத்துட்டு, இவன நம்பி வண்டி ஓட்டுனா பாலத்துக்குக் கீழதான் கெடக்கணும்னு சொல்லி அனுப்பிட்டான்."

"பூச்சி எப்படிப் பார்க்கிறீங்க?"

"அது உருவத்துல தெரிஞ்சுரும். நெறம் வேணாம். இந்தக் குழாய்தான் என் சத்துரு."

"அந்த அம்மா மிளகாய்ன்னு சொன்னதும், பச்சை மிளகாயா வத்தலான்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

"குழாயக் கையில வச்சுக்கிட்டு எப்படி டாக்டரையா அதக் கேக்குறது?"

அவர் வீட்டுக் கூரைமேல் எப்போதும் வத்தல் காயும். மிளகாய் என்றதும் அவருக்கு வத்தல் நினைவு வந்திருக்கிறது. ஊரே மெச்சிய அந்த வழக்கம் பல வருஷமாக அவர் பிடித்துக்கொண்டு நடந்த ஊன்றுகோல்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. அவர் அதை இரக்கம் என்று நினைத்தார். என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். உண்மை வேறு. குழாயைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டவன் நான். விஷயம் வெளியே வந்தால் முதல் கேள்வி என்னிடம்தான் வரும். அவர் போய்விட்டால் காய்ச்சல் காலத்தில் மலைபோல் குவியும் ரத்தச் சோதனைகளை நான்தான் செய்ய வேண்டியிருக்கும். மதுரையில் எனக்குப் பெண் பார்த்து முடித்திருந்த சமயம். வாரக் கடைசியில் ஊருக்குப் போவது எனக்கு முக்கியமாக இருந்தது. அந்த அம்மாளின் மகனிடம், "மருந்து கொஞ்சம் வீரியமாக இருந்துவிட்டது" என்று சொன்னேன். அவன் நம்பினான்.

மறுநாள் காலை குழாய்க்காரரின் மேசைமேல் ஒரு வெற்றிலை, ஒரு மஞ்சள் கிழங்கு, ஒரு செங்கல் துண்டு மூன்றும் வரிசையாக இருந்தன. நிறத்துக்குப் பெயர் சொல்ல வேண்டாம், குழாயைப் பார்த்து இந்த மூன்றில் எதன் சாடை என்று தொட்டுக் காட்டினால் போதும் என்று நோயாளிகளிடம் சொல்லிவிட்டார். சின்னமனூர்க் கொடிக்காலிலிருந்து தினமும் புதிதாக ஒரு வெற்றிலை வரும். கம்பவுண்டர், "பாக்கு மட்டுந்தான் பாக்கி. பொண்ணு எந்த ஊருய்யா?" என்று கேலி செய்தார். "ஒந் தங்கச்சியக் கேட்டுச் சொல்றேன்" என்று இவர் திருப்பிக் கொடுத்தார். நான் இருக்கும் நாட்களில் குழாயை நானே பார்த்தேன். நோயாளிகள் தொட்டுக் காட்டியதும் நான் பார்த்ததும் பொருந்தியே இருந்தன. நான் மதுரையில் இருந்த நாட்களைப் பற்றி எனக்குத் தெரியாது. கேட்டுக்கொள்ளவும் இல்லை.

இரண்டு வருஷம் இப்படியே ஓடியது. பிறகு சர்க்கார் மானியம் கேட்டுக் கமிட்டி மனுப்போட, ஒரு நிபந்தனை வந்தது. சோதனை அறையில் சான்றிதழ் பெற்றவர் இருக்க வேண்டும். பள்ளி இறுதி தேறாதவர்கள்கூடப் பல வருஷ வேலை அனுபவத்தைக் காட்டினால் சென்னையில் சில மாதம் பயிற்சி பெற்றுத் தேர்வு எழுதலாம். ஆஸ்பத்திரி டாக்டர் இரண்டு விஷயங்களுக்குச் சாட்சியாகக் கையெழுத்திட வேண்டும். ஒன்று, அனுபவம். மற்றது, நிறப்பார்வை உட்பட உடல் தகுதி.

அந்த விதி தவறு என்று நான் சொல்லவில்லை. பின்னாளில் அதே மாதிரித் தேர்வுகளுக்கு நானும் தேர்வாளனாகப் போய் உட்கார்ந்திருக்கிறேன். கண்ணைச் சோதிக்காமல் ஒருவரையும் அனுப்பியதில்லை. நோயாளியின் உயிர் ஒரு நிறத்தில் தொங்கும்போது அதைச் சோதிக்கத்தான் வேண்டும்.

அவர் காகிதத்தோடு என்னிடம் வந்தார். அன்றைக்கு மீசையை வழக்கத்தைவிட நன்றாக முறுக்கியிருந்தார். பொய்க் கையெழுத்துக் கேட்பார், முடியாது என்று சொல்ல வேண்டும் என்று நான் தயாராக இருந்தேன்.

"பொய் எழுத வேணாம் டாக்டரையா. இவனுக்குப் பச்ச செவப்பு தெரியாது, அது எனக்கு ரெண்டு வருசமாத் தெரியும், இன்ன மாதிரி வழி வச்சுத் தப்பில்லாமப் பாக்குறான், நானே சரிபாத்திருக்கேன்னு உள்ளத உள்ளபடி எழுதுங்க. ரத்தத்துக்கு மட்டுமாவது சான்றிதழ் குடுத்தாக் குடுக்கட்டும். இல்லைன்னா இல்லைங்கட்டும். அவுக சொல்லட்டும்."

அவர் கேட்டது நியாயம் என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்தது. ஆனால் அப்படி எழுதினால், எனக்கு இரண்டு வருஷமாகத் தெரியும் என்பதையும் என் கையாலேயே எழுதியாக வேண்டும். எப்படித் தெரிந்தது என்று கேட்பார்கள். அந்த அம்மாள் கதை வரும்.

"அப்படி எழுத விதியில் இடமில்லை" என்றேன்.

"அடியில எழுத இடம் கெடக்கே."

"பார்க்கலாம்" என்று காகிதத்தை வாங்கி மேசைக்குள் வைத்தேன். தினமும் காலையில் அவர் என் மேசையைப் பார்ப்பார். ஒன்றும் கேட்க மாட்டார். நான் வார்டுக்குப் போய்விடுவேன்.

கடைசியில் கமிட்டித் தலைவர் எங்கள் இருவரையும் கூப்பிட்டனுப்பினார். அவர் ஏலக்காய் வியாபாரி, மரியாதையான மனிதர். குழாய்க்காரர் நின்றார். எனக்கு நாற்காலி போட்டார்கள்.

"என்ன டாக்டர் தம்பி, காயிதம் இன்னும் போகலையாமே. மானியம் நிக்குது."

நான் வாயைத் திறப்பதற்குள் குழாய்க்காரர் முந்திக்கொண்டார்.

"தப்பு எம்மேல மொதலாளி. எனக்குப் பச்ச செவப்பு நெறம் தெரியாது. அதான் டாக்டரையாவால கையெழுத்துப் போட முடியல."

தலைவர், "இத்தன வருசமா ஊரார் மூத்திரத்தப் பாத்துச் சொன்னியே, எதப் பாத்துச் சொன்ன?" என்றார். குரல் உயரவில்லை. "இது டாக்டருக்குத் தெரியுமா?"

"தெரியாது மொதலாளி. அவுககிட்டயும் மறச்சுட்டேன்."

தலைவர் என் பக்கம் திரும்பினார். "அப்படியா தம்பி?"

குழாய்க்காரரும் என்னைப் பார்த்தார். முகத்தில் பயமில்லை, கெஞ்சலும் இல்லை. ஏதோ தொடங்கப்போகிறது என்பதுபோல லேசாக நிமிர்ந்து நின்றார்.

"ஆமாம்" என்றேன்.

அவ்வளவுதான் நான் சொன்னது. அன்றே கணக்கைத் தீர்த்து அனுப்பிவிட்டார்கள். ஊழியர் பதிவில், நம்பிக்கை மோசம் செய்தவர் என்று எழுதினார்கள். அனுபவத்துக்கு ஆஸ்பத்திரி சாட்சி தராமல் எந்த ஊரிலும் அந்தத் தேர்வுக்கு மனுப்போட முடியாது. நிறம் தெரியாத குறைக்கு ஒரு வழி இருந்தாலும் இருந்திருக்கும். ஏமாற்றுக்காரன் என்ற பெயருக்கு வழியே இல்லை. தலைவர் என் தோளைத் தட்டி, "நல்லவேள, ஒங்க கையெழுத்து தப்புச்சுச்சு" என்றார். ஊரிலும் என்னைத்தான் பாவம் என்றார்கள்.

மறுநாள் காலை அவர் கம்பம் பஸ்ஸுக்கு நிற்பதைப் பார்த்துப் போனேன். பெட்ரோல் பஞ்சத்தால் கரியில் ஓடிய யுத்தகால பஸ். பின்னால் இருந்த அடுப்புக்குக் கிளீனர் காற்றடித்துக்கொண்டிருந்தான். வண்டி சூடேற நேரம் ஆகும். அவர் ஒரு தகரப் பெட்டியோடு வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். அன்றைக்கும் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை.

என்னைக் கண்டதும் பெட்டியைக் கீழே வைத்தார். "வாசப்பக்கக் கட்டில்ல இருக்கிற நாகம்மா கட்டுக்கு நாளைக்கு மருந்து மாத்தணும் டாக்டரையா. மேக்கோரக் கட்டில்ல இருக்கிற கெழவருக்கு ரத்தத்துல காய்ச்சப் பூச்சி இன்னும் இருக்கு, கொய்னா மருந்த நிறுத்திறாதீக."

"ஏன் அப்படிச் சொன்னீங்க? எனக்குத் தெரியும்னு சொல்லியிருக்கலாமே" என்றேன். கேட்கும்போதே அந்தக் கேள்வியின் வெட்கம் எனக்குத் தெரிந்தது.

அவர் கிளீனரின் பக்கம் பார்த்தபடி சொன்னார். "நா சொன்னா அது கோளு, டாக்டரையா. மாட்டிவிடுறான்னு நெனப்பாக. நீங்களாச் சொன்னாத்தான் அது சாட்சி."

கிளீனர் அடுப்பில் இன்னும் கொஞ்சம் கரி போட்டான்.

"சொல்லிருவீகன்னு இருந்தேன்" என்றார்.

குரலில் கோபமில்லை. கோபம் இருந்திருந்தால் நானும் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். என்ஜின் இரண்டு முறை இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. அவர் பெட்டியை எடுத்துக்கொண்டு ஏறினார். படியில் நின்று திரும்பி, "வெயில் ஏறுது. வார்டுல சனம் காத்துக் கெடக்கும், நீங்க போங்க" என்றார்.

நான் போனேன்.